ஒரு நாள் குஞ்சில் இனம் அறிதல்

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் 85.18 கோடி. இவற்றுள் புழக்கடையில் வளர்பவை 31.70 கோடி, 2012ஆம் ஆண்டைவிட இது ஏறத்தாழ 46 சதவிகிதம் மிகுதி. இப்பெருக்கம் பெரும் பண்ணையாளரால் விளைந்ததன்று. திருப்பதி மாவட்டம் நாராயணவனம் போன்ற ஊர்களில் நெசவையும் சிறு நிலத்தையும் நம்பியிருக்கும் குடும்பங்கள், பத்தோ இருபதோ குஞ்சுகளை வாங்கி வளர்ப்பதன் கூட்டுப்பயன் அது. அக்குடும்பங்களின் முதலீடு சிறிது. எனினும் அதில் ஓர் இடர் உண்டு. எந்த இனம் என்று நம்பி விலை கொடுக்கப்படுகிறதோ, அந்த இனத்தின் பயன் முட்டையாக வெளிப்பட ஐந்தாறு மாதங்கள் ஆகும். அதுவரை தீவனச் செலவு நிற்பதில்லை. ஆகவே, குஞ்சின் தோற்றம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விரிவாக்க அலுவலர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மஞ்சள் நிறத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வெள்ளை லெகார்ன் முட்டைக்கோழியின் குஞ்சு மஞ்சள் தூவியுடன் பொரிக்கிறது. வெள்ளை இறகுள்ள இறைச்சிக்கோழியின் குஞ்சும் அவ்வாறே. பழுப்பு முட்டையிடும் வணிகக் கலப்பினங்கள் பலவற்றில் பெட்டைக்குஞ்சு பழுப்பாகவும் சேவற்குஞ்சு மஞ்சளாகவும் பிறக்கும். எனவே கூடையிலுள்ள மஞ்சள் குஞ்சு இம்மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இறைச்சிக்கோழிக் குஞ்சின் கால் சற்றுத் தடித்திருக்கும், உடல் அகன்றிருக்கும். லெகார்ன் குஞ்சு மெலிந்தது. பழகிய கண்ணுக்கு இவ்வேறுபாடு புலப்படும். புதியவருக்கு இரண்டையும் அருகருகே வைத்தாலன்றிப் புலப்படாது.

இவ்வேறுபாட்டின் பொருளாதாரம் எளியது. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பொரிப்பவற்றுள் பாதி சேவல்கள். அவை முட்டையிடா, இறைச்சிக்கென வளர்த்தாலோ, இறைச்சிக்கோழி இரண்டு கிலோவைத் தாண்டும் ஆறு வார வயதில் அவை அரைக் கிலோ அளவிலேயே நிற்கும். பொரிப்பகத்திற்குப் பயன்படாத இக்குஞ்சுகளே சிவப்பு, பச்சை, ஊதா எனச் சாயமேற்றப்பட்டுத் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் தெருவிலும் திருவிழாவிலும் மலிவாக விற்கப்படுகின்றன. குழந்தைகளுக்கு அது விளையாட்டுப் பொருள். மலிவு கருதி வளர்க்க வாங்குபவருக்கோ நட்டம். சாயம் ஓரிரு வாரங்களில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். புதிதாக முளைக்கும் இறகு வெண்மையாகவே இருக்கும்.

கருநிறக் குஞ்சுகள் இதைவிடத் தெளிவான செய்தி தருவனவாகும். வரிப் பிளிமத் ராக் குஞ்சு கரிய தூவியும் தலையுச்சியில் வெளிறிய பொட்டும் உடையது. அவ்வினப் பெட்டையுடன் ரோட் ஐலண்டு ரெட் சேவலைச் சேர்த்தால், பிறக்கும் சேவற்குஞ்சுகளுக்கு மட்டும் அப்பொட்டு அமைகிறது. பெட்டைகளின் தலை முழுதும் கருமையாக இருக்கும். வரிநிறத்துக்குரிய மரபணு பாலினக் குரோமோசோமில் அமைந்திருப்பதே காரணம். ஆனால் சேர்க்கையை மாற்றி, பெட்டையை ரோட் ஐலண்டு ரெட்டாகவும் சேவலை வரியினமாகவும் வைத்தால் இருபாலுக்கும் பொட்டு வந்துவிடும். பெற்றோர் இன்னவை என அறியாதவரிடம் பொட்டு எதையும் மெய்ப்பிப்பதில்லை.

நாட்டுக்கோழிக் குஞ்சுகளின் முதுகில் அணிலின் முதுகைப் போல் நீளும் பழுப்பு வரிகள், அவை கலப்பற்றவை என்பதற்குச் சான்றாகப் பலராலும் கருதப்படுகின்றன. இது பிழை. சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்த பழைய நிற அமைப்பின் அடையாளமே அவ்வரி. மேனாட்டுப் பழுப்பு லெகார்ன் குஞ்சுக்கும் அது உண்டு.

ஆந்திரத்தைத் தாயகமாகக் கொண்ட அசீல் இனத்தில் தூவியின் நிறம் இன்னும் பயன் குறைந்தது. காகி, டேகா, நெமலி என வளர்ந்த சேவல்களின் நிறத்தைக் கொண்டு வழங்கும் பெயர்களே அவ்வினத்துள் நிறம் எத்தனை விரிந்தது என்பதைக் காட்டும். அங்கே பார்க்க வேண்டியது கொண்டை. மூன்று தாழ்ந்த வரிசைகளாக அமையும் பட்டாணிக் கொண்டை அசீலுக்குரியது. குஞ்சிலும் உற்று நோக்கினால் தெரியும். ஒற்றைக் கொண்டையுடைய குஞ்சைத் தூய அசீல் என ஏற்க வேண்டியதில்லை. எனினும் பட்டாணிக் கொண்டை ஓங்கு பண்பாதலால் அசீல் கலந்த குஞ்சுகளிலும் தோன்றும். மறுப்பதற்கு அது போதும்; உறுதி செய்வதற்குப் போதாது. இறகற்ற கழுத்தும் இத்தகையதே. பொரித்த நாளிலேயே அது தெரியும்; ஆனால் பெற்றோரில் ஒன்று மட்டும் அப்பண்புடையதாயினும் குஞ்சுக்கு வந்துவிடும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவைச் சேர்ந்த கடக்நாத் 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் குஞ்சு நீலங்கலந்த கருமையும் முதுகில் ஒழுங்கற்ற கரும்பட்டைகளும் கொண்டது. அங்கும் மஞ்சள் கால் கண்டால் மறுத்துவிடலாம். கருங்கால் கண்ட அளவில் நம்பிவிடலாகாது.

ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா ஆகியவற்றில் இச்சிக்கல் முற்றுகிறது. வனராஜா புழக்கடையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இடும். கிராமப்ரியா அதனினும் கூடுதலாக இடும். நாட்டுக்கோழியைப் போன்ற பல்வண்ண இறகு அமையுமாறு, மக்கள் விருப்பம் கருதியே இவை உருவாக்கப்பட்டன. விருப்பத்துக்கு இசைந்த அத்தோற்றமே போலிக்கும் இடமளிக்கிறது. வனராஜாவின் முட்டையை அடைவைத்துப் பெற்ற குஞ்சும் பார்வைக்கு வனராஜாவே. ஆயினும் கலப்பின் முழுப்பயன் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. இங்கே கண் உதவாது. பெற்றோர் மந்தையைப் பராமரிக்கும் பொரிப்பகத்தின் பெயர், பொரித்த நாள், இனத்தின் பெயர் ஆகியன எழுதிய பட்டியலைக் கேட்டுப் பெறுவதே வழி. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் குஞ்சு வழங்கும் அலுவலர், கூடையைத் திறந்து பார்க்குமுன் அத்தாளைப் பார்த்தல் வேண்டும்.