நகம் வளரும் கணக்கு

அக்ரஹாரத்து அறையில் துணி துவைப்பதும், ஆய்வுக்கூடத்தில் அசிட்டோன் ஊற்றிக் குடுவை கழுவுவதுமாக இருந்ததில் என் விரல் நகங்கள் நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்தன. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நண்பரொருவர் மாத்திரை வாங்கித் தந்தார். விழுங்கினேன், பயனில்லை. நகத்தில் சுண்ணாம்புச் சத்து மிகச் சிறிதே. அதற்கு உறுதி தருவன கெரட்டின் என்னும் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகளாம்.

நகம் நீரில் ஊறி உப்புவதும் உலர்ந்து சுருங்குவதுமாக மாறி மாறி நேர்ந்தால் ஏடுகள் விடுபடும். அசிட்டோனோ எண்ணெய்ப் பசையையும் கரைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் நகம் உயிரற்றது; பிளந்தபின் ஒட்டாது. நகவேரிலிருந்து புதியதுதான் வளர்ந்து வரவேண்டும். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் தம் கட்டைவிரல் நகத்தில் மாதந்தோறும் கோடு கீறி 35 ஆண்டுகள் அளந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர்; 67 வயதில் 0.095. என்ன பொறுமை!

நமக்கு ஒரு நகம் முழுதும் புதிதாக ஏறத்தாழ ஆறு திங்கள் ஆகும். அதுவரை கழுவும்போது கையுறை வேண்டும். மெல்லிய நைட்ரைல் உறை அசிட்டோனைத் தாங்காது. பியூட்டைல் ரப்பர் உறையே தக்கது. இரவில் தேங்காயெண்ணெய் தடவுக; நகத்தை ஒட்ட வெட்டுக. நகம் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுக.

எனக்கு இது ஐந்தாம் திங்கள். கட்டைவிரலில் மட்டும் பழைய பிளவு நூலளவு மிஞ்சியிருக்கிறது.