பூ வரும் கொம்பைப் பார்த்துக் கவாத்து செய்யுங்கள்

பாரூர்ப் பக்கத்து வீட்டு வாசல்களில் குண்டுமல்லி, இட்லிப்பூ, செம்பருத்தி, காகிதப்பூ, அரளி எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். வெட்டும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே உயரத்துக்கு மொட்டையடித்துவிடுகிறார்கள். பூ குறைவது அதனால்தான். செடிக்குச் செடி பூ வரும் இடம் வேறு, கவாத்தும் வேறு.

நடவுக்கு ஆடி, ஆவணி மழைக்காலம் நல்லது. ஓரடிக் குழி தோண்டி, மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். ஏரிப் பாசன வயல்களை ஒட்டிய வீடு என்றால் மண்ணில் ஈரம் நின்றுகொண்டே இருக்கும். மேடு கட்டி நடுங்கள். காகிதப்பூவுக்கு இது கட்டாயம். மண் கொஞ்சம் காய்ந்தால்தான் அது பூக்கும். ஈரம் மிஞ்சினால் இலையாகவே தழைக்கும்.

எந்தச் செடியானாலும் முதலில் காய்ந்த கொம்பு, நோய் கண்ட கொம்பு, ஒன்றோடொன்று உரசும் கொம்பு மூன்றையும் நீக்குங்கள். பிறகு வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். உள்பக்கக் கணுவுக்கு மேல் வெட்டினால் துளிர் நடுச்செடியை அடைத்துவிடும். கத்திரி மழுங்கியிருந்தால் பட்டை கிழியும். சாணை பிடித்து, செடி மாறும்போதெல்லாம் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பெரிய கவாத்து குண்டுமல்லிக்குத்தான். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். அதனால் தயங்க வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தில், மழை விட்ட நாளாகப் பார்த்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டுங்கள். மிச்ச இலைகளையும் உருவி, வளர்ந்த செடிக்கு 10 கிலோ தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். மார்ச்சில் பூ பிடிக்கும்.

இட்லிப்பூ நேர்மாறு. கொத்து கொம்பின் நுனியில் வருகிறது. அழகுக்காக மாதாமாதம் நுனியைச் சீவினால் மொட்டு முழுதும் குப்பைக்குப் போகும். வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு மட்டும் எடுங்கள், போதும். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் இதன் இளம் இலை, நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் மஞ்சளாகும். அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் தெளியுங்கள்.

செம்பருத்தியைத் தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். மாவுப்பூச்சி பிடித்த நுனியை அன்றே வெட்டி அப்புறப்படுத்துங்கள். செடியடியில் போட்டால் மறுபடி ஏறும்.

அரளியைக் கடைசியாக வெட்டுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. இலை, பால், பூ, குச்சி எல்லாமே விஷம். வெட்டிய தழை ஆடு, மாட்டுக்கு எட்டக் கூடாது. காய்ந்தாலும் விஷம் போகாது. எரித்தால் புகையும் கெடுதல். குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கத்திரியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.