காணாக்கடி: கடித்தது எது?



இறால் குழம்பு சாப்பிட்ட பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்புகிறது. அரிப்புத் தாங்கவில்லை. "காணாக்கடி கடிச்சிடுச்சு, மந்திரிச்சா சரியாயிடும்" என்கிறார் பாட்டி. கடித்தது எது?

எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை. இது நம் உடலின் காவற்காரன் செய்யும் தவறு.

நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் இரத்தத்தில் 'எதிர்ப்பொருள்கள்' உண்டு. அவற்றுள் ஒரு வகை ஐ.ஜி.ஈ. இதனை 1966-ல் கண்டறிந்தவர்கள் இஷிசாகா என்னும் ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதியர். சிலருடைய உடல் இறால், நிலக்கடலை, முட்டை, தேனீயின் விஷம், பென்சிலின் மருந்து போன்றவற்றைப் பகையென்று தவறாக எண்ணி, ஐ.ஜி.ஈ.யைத் தயாரித்து விடுகிறது. அது தோல், மூச்சுக்குழல், குடல் ஆகிய இடங்களிலுள்ள 'மாஸ்ட்' உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அப்போது வெளியில் ஒன்றும் தெரியாது.

அதே பொருள் மறுபடி உள்ளே வந்ததும், அந்த உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, அதுவே தடிப்பு. மூச்சுக்குழல் சுருங்குகிறது, அதுவே இழைப்பு. "போன தடவை சாப்பிட்டப்போ ஒண்ணும் ஆகலியே?" என்பதற்கு இதுதான் விடை.

கிருமித் தொற்று போன்ற வேறு காரணங்களாலும் தடிப்பு வரலாம். ஆனால் கீழ்க்கண்டவை அபாய அறிகுறிகள்:

உதடு, நாக்கு வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், மயக்கம், தடிப்புடன் ஓயாத வாந்தி.

இவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள்; நடக்க விடாதீர்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும் மருந்து. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். விபூதி பூசுவது மனத்துக்கு ஆறுதல் தரலாம். அடைத்த மூச்சைத் திறக்காது.

ஒத்துக்கொள்ளாத உணவையும் மருந்தையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஊசி போடுமுன், "இந்த மருந்து எனக்கு ஒத்துக்காது" என்று டாக்டரிடமும் நர்ஸம்மாவிடமும் கூசாமல் சொல்லுங்கள்.

சொல்ல ஒரு நிமிடம். காப்பது ஓர் உயிர்!