உங்கள் வயது சரியாக எவ்வளவு? நீங்கள் பிறந்தது என்ன கிழமை?



“உனக்கு என்ன வயசு?” என்று கேட்டால் “பதினாலு” என்று டக்குனு சொல்லிவிடுவோம். “பதினாலு வருஷம், எத்தனை மாசம், எத்தனை நாள்?” என்று கேட்டால் முழிப்போம். ஆனால் இது வெறும் கழித்தல் கணக்குதான். எங்கள் வீட்டில் நடந்ததையே உதாரணமாகச் சொல்கிறேன்.

2025 ஜூன் 10-ஆம் தேதி எங்கள் அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எழுதினோம். அதற்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். அம்மா குத்துமதிப்பாக 58 என்று எழுதப் போனார்கள். அப்பத்தா, “பொறு தாயி! தனுஷ்கோடிப் புயல் அடிச்ச மறுநா, புதன்கிழமை விடியக்காலம் பொறந்தவ நான்” என்றது. அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. அப்படியானால் அப்பத்தா பிறந்த தேதி 23.12.1964.

வயதுக் கணக்கு

ஆண்டு – மாதம் – நாள்
2025 – 6 – 10
1964 – 12 – 23 (கழிக்க)
—————————
60 – 5 – 18

1. நாள்: 10-இல் 23 போகாது. முந்தைய மாதமான மே மாதத்தின் 31 நாளைக் கடன் வாங்குங்கள். 41 – 23 = 18.
2. மாதம்: 6-இல் ஒன்று போய் 5. அதில் 12 போகாது. ஒரு ஆண்டை (12 மாதம்) கடன் வாங்குங்கள். 17 – 12 = 5.
3. ஆண்டு: 2024 – 1964 = 60.

கவனம்! எப்போதும் 30 நாள் கடன் வாங்கக் கூடாது. முந்தைய மாதத்துக்கு எத்தனை நாளோ அத்தனைதான்.

கிழமைக் கணக்கு

“அதெல்லாம் சரி, அப்பத்தா சொல்றது நெசமா?” என்று அண்ணன் கேட்டான். கிழமையைப் போட்டுப் பார்த்தேன்.

மாத எண்கள்: ஜனவரி 1, பிப்ரவரி 4, மார்ச் 4, ஏப்ரல் 0, மே 2, ஜூன் 5, ஜூலை 0, ஆகஸ்ட் 3, செப்டம்பர் 6, அக்டோபர் 1, நவம்பர் 4, டிசம்பர் 6.

ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் (64), அதை 4-ஆல் வகுத்த ஈவு (16), மாத எண் (6), தேதி (23) எல்லாவற்றையும் கூட்டுங்கள். 109 வரும். 7-ஆல் வகுத்தால் மீதி 4.

மீதி 1 ஞாயிறு, 2 திங்கள், 3 செவ்வாய், 4 புதன், 5 வியாழன், 6 வெள்ளி, 0 சனி.

புதன்கிழமையேதான்! “செவ்வாக்கெழம ராத்திரிதான் காத்து தூக்குச்சுன்னு எங்காத்தா சொல்லும்யா” என்று அப்பத்தா சிரித்தது. அம்மா 58-ஐ அடித்துவிட்டு 60 என்று எழுதினார்கள். பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா கணக்கில் தப்பில்லை. தப்பு எங்கள் குத்துமதிப்பில்தான்.

நாம் 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள். அதனால் கூட்டுத்தொகையோடு 6 சேர்க்க வேண்டும். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்திருந்தால் 1 கழிக்க வேண்டும்.

உதாரணம்: 15.8.2010. 10 + 2 + 3 + 15 + 6 = 36. மீதி 1. ஞாயிற்றுக்கிழமை.

உங்களுக்குத் தெரியுமா?

★ 13 வயது முடிந்து சுமார் 8 மாதம் ஆகும்போது நீங்கள் பூமியில் 5000-ஆவது நாளைத் தொடுகிறீர்கள். ஒன்பதாம் வகுப்புக்காரர்களே, உங்கள் நாள் எது என்று பாருங்கள்!

★ முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 29.2.1896. 1900 லீப் ஆண்டு இல்லாததால் அவருடைய முதல் ‘உண்மையான’ பிறந்த நாள் 1904-இல்தான் வந்தது. 1995-இல் 99 வயதில் மறைந்த அவருக்கு வந்த பிப்ரவரி 29-கள் மொத்தம் 23 மட்டுமே.

★ தமிழ் ஆண்டுகள் 60. அப்பத்தா பிறந்த குரோதி ஆண்டு மறுபடி 2024 ஏப்ரலில் வந்தது. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வந்தால் வயது அறுபதைத் தொடுகிறது என்று பொருள்.

செய்து பாருங்கள்

29.2.2012-இல் பிறந்தவர் என்ன கிழமையில் பிறந்தார்? விடை அடுத்த தாளில்.

இன்னொன்று: பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். “தேதி என்ன?” என்று கேட்காதீர்கள். “என்ன நடந்தப்போ பொறந்தீங்க? என்ன கிழமை?” என்று கேளுங்கள். ஒரு பேப்பரும் பேனாவும் போதும், தேதியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடலாம்.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு