குன்றும் குளமும் மரமும்: நகரத்தைக் காக்கும் இயற்கை



குன்றுதோறும் குமரனை வைத்து வழிபடுவது நமது மரபு. 1986ஆம் ஆண்டு முதல் ஆர்ச்வே வீதியில் கோயில் கொண்டிருக்கும் முருகப்பெருமானும் ஒரு குன்றின் சரிவிலேயே எழுந்தருளியிருக்கிறார். நாமோ வாகனம் நிறுத்த இடம் தேடும் அவசரத்தில் அந்தக் குன்றைக் கவனிப்பதில்லை. இம்முறை அக்குன்றையே பாடமாக எடுத்துக்கொள்வோம். வெள்ளம், வெப்பம், தனிமை ஆகிய நகரத்துத் துன்பங்களை மண்ணும் மரமும் நீரும் எவ்வாறு குறைக்கின்றன என்பதை அது நமக்குக் கற்றுத்தரும்.

1. குன்றும் நீரும்

ஹைகேட் குன்றின் உச்சியில் மணற்பாங்கான மண் இருக்கிறது. அதன் கீழே லண்டன் களிமண். மணலுக்குள் இறங்கும் மழைநீர் களிமண்ணை அடைந்ததும் மேலும் இறங்க வழியின்றி ஊற்றாக வெளிவருகிறது. ஹைகேட்டுக்கும் ஹாம்ஸ்டட்டுக்கும் இடையிலுள்ள இந்த ஊற்றுக்களில்தான் ஃபிளீட் என்னும் ஆறு பிறந்தது. 1692இல் தோன்றிய ஹாம்ஸ்டட் நீர் நிறுவனம் நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பதற்காக இந்த நீரோடைகளை மறித்துக் குளங்களாக்கியது. அவையே இன்று நாம் காணும் ஹைகேட் குளங்கள். வன்னியில் ஒரு குளம் நிறைந்து வான் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்புவதுபோல, இவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன.

1975 ஆகஸ்ட் 14ஆம் திகதி ஹாம்ஸ்டட்டில் மூன்று மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 170 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அத்தகைய மழையில் குளத்தின் அணை உடைந்தால் கீழேயுள்ள குடியிருப்புகளின் கதி என்ன? இதனை எண்ணியே 2015, 2016ஆம் ஆண்டுகளில் அணைகள் பலப்படுத்தப்பட்டன. குளம் வெட்டினால் மட்டும் போதாது, கரையையும் காக்கவேண்டும் என்பது நம் முன்னோரும் அறிந்த பாடம்.

2. காடும் மக்களும்

ஆலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் இரண்டு பழைய காடுகள் வரும். ஏறத்தாழ 28 ஹெக்டேர் பரப்புள்ள ஹைகேட் காடு 1886இல் பொதுமக்களுக்கென லண்டன் மாநகராட்சியின் பொறுப்பில் வந்தது. குயின்ஸ் காட்டை 1898இல் உள்ளூராட்சி சபை விலைக்கு வாங்கியது. அருகிலேயே 1954இல் பயணிகள் சேவை நின்றுபோன ஒரு ரயில் பாதையும் உண்டு. இன்று அது மரங்கள் அடர்ந்த பார்க்லண்ட் நடைபாதை.

இவை தாமாகத் தப்பவில்லை. ஆர்ச்வே வீதியைப் பெருவீதியாக அகலமாக்கும் திட்டத்தை 1970களிலிருந்து இப்பகுதி மக்கள் எதிர்த்து நின்றனர். அத்திட்டம் 1990இல் கைவிடப்பட்டது. பார்க்லண்ட் நடைபாதையின் வழியே வீதி போடும் யோசனையும் அவ்வாறே நின்றுபோக, அதே ஆண்டில் அது இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது.

மரத்தின் பயன் வெயிலில்தான் தெரியும். 2022 ஜூலை 19ஆம் திகதி இந்நாட்டில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. அந்தக் கோடையின் வெப்ப அலைகளின்போது இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் வழமையைவிட 2,800க்கு அதிகமானோர் இறந்ததாக அரசின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. மாடி வீடுகளில் தனித்திருக்கும் நமது அம்மம்மாவும் அப்பப்பாவும் இந்த வயதினரே. மரம் நிழல் தருகிறது. இலைகள் நீராவியை வெளிவிட்டுக் காற்றைக் குளிர்விக்கின்றன. மரத்தடி வாங்கு பேச்சுத்துணையையும் தருகிறது. அதற்குக் கட்டணம் இல்லை, ஆங்கிலமும் வேண்டியதில்லை.

3. முற்றமும் சீமெந்தும்

லண்டனின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் நிறைந்தால் நீர் வீதிக்கும் நிலவறைக்கும் ஏறுகிறது. 2021 ஜூலையில் ரயில் நிலையங்களும் மருத்துவமனைகளும் இவ்வாறு பாதிக்கப்பட்டன. தேம்ஸ் நதியில் கழிவுநீர் கலப்பதைக் குறைக்க 25 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் அமைக்கப்பட்டு 2025இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. இயற்கை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது, பொறியியலும் வேண்டும். ஆனால் குழாய்க்குள் போகும் நீரைக் குறைப்பது ஒவ்வொரு வீட்டின் கையிலும் இருக்கிறது.

கார் நிறுத்துவதற்காக முன்வளவு முழுவதும் சீமெந்து போடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யும்போது மண் குடித்திருக்கக்கூடிய மழையைப் பக்கத்து வீட்டுக்கும் பள்ளத்தில் உள்ளவருக்கும் அனுப்பிவிடுகிறோம். இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், நீர் இறங்காத தளத்தை ஐந்து சதுர மீற்றருக்கு மேல் முன்வளவில் போட்டு, நீரை வீதிக்கு விடுவதானால் திட்ட அனுமதி பெறவேண்டும்.

4. நமது ஊரும் இதனை அறியும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குளத்திலும் கேணியிலும் தேங்கிய மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித்தான் கிணறுகளில் நீராகிறது. கோயிலுக்குத் தலவிருட்சமும் தீர்த்தமும் நந்தவனமும் வைத்தவர்கள் ஊருக்கு நிழலும் நீரும் வைத்தார்கள். வெள்ளநீரைத் தாங்கும் சதுப்புநிலங்களைக் கொண்ட கொழும்பு, 2018இல் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமோ பெரும்பகுதி கட்டடங்களாலும் குப்பையாலும் அழிந்தபின், எஞ்சியது 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

5. நாம் செய்யக்கூடியவை

* முன்வளவில் கார் சில்லுகள் படும் இடத்துக்கு மட்டும் தளம் போட்டு, மிகுதியை மண்ணாக விடுங்கள்.
* கூரைப் பீலியின் நீரை ஒரு பீப்பாயில் சேர்த்துக் கறிவேப்பிலைச் சாடிக்கும் ரோசாவுக்கும் ஊற்றுங்கள்.
* வீட்டுக்கு முன் நகரசபை நட்ட இளமரத்துக்குக் கோடையில் வாரந்தோறும் இரண்டு மூன்று வாளி நீர் விடுங்கள்.
* வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் முதியவர் ஒருவரைக் காட்டு நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகளுக்கான வினாக்கள்

1. ஹைகேட் குன்றில் ஊற்று எப்படி உண்டாகிறது?
2. மரம் காற்றை எவ்வாறு குளிர்விக்கிறது?
3. அம்மம்மாவின் ஊர்க் கோயிலில் எந்த மரம் தலவிருட்சம்? கேட்டு எழுதுக.

முன்னோர் வைத்த மரத்தின் நிழலில் நாம் வளர்ந்தோம். இந்த ஊரவர் காத்த காட்டின் நிழலில் நமது பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு நிழல் வைப்பது நமது முறை.