தூசிக்கும் தும்மலுக்கும் என்ன பகை?

கேள்வி: பரணை ஒழித்தால் எனக்கு அடுக்குத் தும்மல், அன்றிரவே வீசிங். கூட நின்று ஒழித்த நாத்தனாருக்கு ஒன்றும் ஆவதில்லை. "உனக்கு எதிர்ப்பு சக்தி போதாது" என்கிறார். ஒவ்வாமை எப்படித்தான் உண்டாகிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நாத்தனார் சொல்வது தப்பு. எதிர்ப்பு சக்தி குறைந்தால் அடிக்கடி தொற்று வரும். உங்களுக்கு அது வேண்டாத இடத்தில் வீரம் காட்டுகிறது.

பரணில் பழைய மெத்தை, தலையணை கிடக்கிறதா? அதில் மைட் என்ற தூசிப்பூச்சி இருக்கும். நீளம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. மூச்சோடு உள்ளே போவது அதன் எச்சம். எச்சத்திலுள்ள செரிமான நொதி ஒன்று, சுவாசப் பாதையின் உள்தோல் செல்களுக்கு இடையிலுள்ள பிணைப்பையே அறுத்து வழி உண்டாக்கிக்கொள்ளும்.

முதல் தடவை வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் பரம்பரை வாகு உள்ள சிலரது உடம்பு, அந்தப் புரதத்துக்கென்றே ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைத் தயாரித்துவிடும். அது மூக்கிலும் சுவாசக் குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டைச் சேர்த்துப் பிடித்ததும், மாஸ்ட் செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமினைக் கொட்டும். சில நிமிடங்களில் நமைச்சல், தும்மல், மூக்கில் தண்ணீர். நாத்தனாருக்கு அந்த ஐஜிஇ இல்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்த கதை ருசியானது. 1921இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) கார்ல் பிராஸ்நிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்று இரண்டு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. பிராஸ்நிட்ஸுக்கு மீனால் தொந்தரவே இல்லை. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, பிராஸ்நிட்ஸ் தன் தோலில் சிறிதளவு ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாரத்தை ஊசியால் செலுத்தினார். சிவந்து தடித்துவிட்டது! ஒவ்வாமை ரத்தம் வழியே இன்னொருவருக்குப் போகும் என்பது நிரூபணமானது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்குச் சம்மதிக்காது, எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலையும் தொற்றும் அபாயம் உண்டே.

ரத்தத்தில் இருந்த அந்த வஸ்து எது? மிக மிகக் குறைந்த அளவே இருப்பதால் பிடிபட 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் அடையாளம் கண்டார்கள். ஸ்வீடனில் பென்னிச், யோஹான்சன் இருவரும் தனியே அதே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நமக்குக் கெடுதல் செய்ய உடம்பு ஏன் இப்படி ஒன்றை வைத்திருக்கிறது? குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை விரட்டத்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. புழுவுக்கு வைத்த மருந்தைப் பூச்சியின் எச்சத்தின் மேல் கொட்டுகிறது உங்கள் உடம்பு.

வீசிங் ஏன் இரவில்? நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலை ஒன்று வரும். டி செல்கள் அனுப்பும் ரசாயனச் சேதியால் ஈசினோபில் அணுக்கள் சுவாசக் குழாயில் குவிகின்றன. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து 'ஈஸ்னோபீலியா' என்கிறோமே, அந்த அணுக்கள்தான். குழாய்ச் சுவர் வீங்கும், சளி சுரக்கும், சுற்றியுள்ள தசை இறுகும். இதில் ஹிஸ்டமினைவிட லூக்கோட்ரையீன் போன்றவற்றுக்கே பங்கு அதிகம். அதனால்தான் செட்ரிசின் மாத்திரைக்குத் தும்மல் அடங்குகிறது, வீசிங் அடங்குவதில்லை.

வீக்கத்தைத் தணிப்பது இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு. உள்ளே போவது மைக்ரோகிராம் கணக்கில்தான். 'பழக்கமாகிவிடும்' என்று யாராவது பயமுறுத்தினால், மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பரணை ஒழிக்கும் வேலையையும் இனி நாத்தனாரிடமே விட்டுவிடுங்கள்.