மணியின் திருட்டு முழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் நாய்க்குட்டி மணி செருப்பைக் குதறியதையும் அப்பா அவனை அடித்ததையும் எழுதியிருந்தாய். “செஞ்ச தப்பு அவனுக்கே தெரியுது மாமா, காதை மடக்கிக்கிட்டுத் திருட்டு முழி முழிக்கிறான்” என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அது குற்ற உணர்ச்சி இல்லை, பாப்பா. 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டுப் போய்விடுவார். திரும்பி வந்தவரிடம் நாய் தின்றதா இல்லையா என்பதைச் சில சமயம் மாற்றிச் சொன்னார்கள். தின்னாத நாய்களும் திட்டு விழுந்ததும் அதே முழி முழித்தன. அந்த முழி திட்டினால் வருவது, தின்றதால் வருவதில்லை.

காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடி விழுந்தால், மணிக்கு இரண்டும் ஒட்டாது. அப்பா வந்தால் வலிக்கும் என்று மட்டும் பழகிக்கொள்வான்.

அவனுக்கு இப்போது ஐந்து மாதம். 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கிற பருவம். ஈறு தினவெடுக்கும், கடிக்காமல் இருக்க முடியாது. செருப்புகளை உயரத்தில் வை. பழந்துணியை நனைத்து முடிச்சுப் போட்டு, ஃப்ரிட்ஜில் குளிரவைத்துக் கொடு. விழுங்கிவிடாமல் பக்கத்திலேயே இரு. அதைக் கடிக்கும்போது அந்த நொடியிலேயே தட்டிக்கொடு.

உன் கடிதத்தின் கடைசி வரியில், கடுவன் பூனை உன் கட்டிலில் சொட்டுச் சொட்டாகப் பெய்கிறது, முக்கி முக்கிக் கத்துகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்குப் பெரிய கவலை அதுதான். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பூனையும் இப்படித்தான் செய்தது. அசுத்தம் பண்ணுகிறது என்று வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம். மூன்றாம் நாள் கிணற்றடியில் செத்துக் கிடந்தது. இன்றும் அந்தக் கதவுச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

பூனையைக் கால்நடை டாக்டரிடம் காட்டி, உடம்பில் கோளாறு இல்லை என்று அவர் சொன்ன பிறகு, அதன் மணல் தட்டைப் பார். நாள்தோறும் அள்ளுகிறீர்களா? மணி அங்கே போய் அதை மிரட்டுகிறானா? ஒதுக்குப்புறமாக இன்னொரு தட்டு வைத்தால் பல பூனைகள் கட்டிலை விட்டுவிடும்.

அப்பாவிடம் இதைப் படித்துக்காட்டு. ஆனால் பூனையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து படி. இன்றைக்கே போ.

அன்புடன்,
மாமா